அபாயத்தில் நீளும் காலம்

அபாயம் நேர்ந்த க்ஷணத்தில் காலம் தன் வழக்கமான நடையை விட்டு மெல்ல ஊர்ந்தது என்று சொல்லக் கேட்பது அபூர்வமன்று. எதிரே வரும் லாரியின் முகப்பைப் பத்தடித் தூரத்தில் கண்டவரும், சாரத்திலிருந்து கால் வழுக்கிய கொத்தனாரும், கிணற்றில் மூழ்கி மீண்டவரும், ஊராலும் தொழிலாலும் வேறுபட்டவராயினும், இவ்விஷயத்தில் ஏறக்குறைய ஒரே விதமாகப் பேசுகிறார்கள். எல்லாம் நிதானமாக நடந்தது, ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தது, யோசிக்கவும் அவகாசம் இருந்தது என்கிறார்கள். இத்தனை பேர் ஒருமுகமாகக் கூறும் சாட்சியத்தைப் பொய்யென்று தள்ள நியாயமில்லை. ஆனால் கடிகாரமோ எவருக்காகவும் ஒரு விநாடியேனும் தயங்கியதில்லை. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்ற கேள்வி, பூகர்ப்ப சாஸ்திரி ஒருவரிடம் தொடங்கி, மனோதத்துவ அறிஞர் வழியாக, இன்று மூளை ஆராய்ச்சியாளர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஸ்விட்ஸர்லாந்து தேசத்தவரான ஆல்பர்ட் ஹைம் பூமியின் அமைப்பை ஆராய்ந்தவர், மலையேற்றத்தில் தேர்ந்தவர். 1871-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், ஸென்டிஸ் என்ற சிகரத்திலிருந்து தோழர்களுடன் இறங்கி வருகையில், காற்றில் பறந்த தொப்பியைப் பிடிக்க எண்ணிக் கையை நீட்டியவர் நிலை தவறிச் சறுக்கிச் சென்று, ஏறக்குறைய 20 மீட்டர் வெற்றாகாயத்தில் விழுந்து, பனி விளிம்பொன்றில் மோதினார். விழுந்துகொண்டிருக்கையிலேயே, மூக்குக் கண்ணாடி உடைந்து கண்ணில் சில்லு பாயாதிருக்க அதைக் கழற்றி எறிய வேண்டும் என்றும், ஐந்து நாள் கழித்துச் சர்வகலாசாலையில் தாம் நிகழ்த்தவிருந்த முதற் பிரசங்கம் இனி நடைபெறாது என்றும், தம் மரணச் செய்தியை உற்றார் எவ்வாறு தாங்குவர் என்றும் வரிசையாக எண்ணியதோடு, கடந்த வாழ்க்கையின் காட்சிகள் நாடக மேடையில் நடப்பனபோலத் தம் முன் விரியக் கண்டதாகவும் அவர் எழுதியிருக்கிறார். அவர் கணக்கில் அவ்வளவும் ஐந்து முதல் பத்து விநாடிக்குள் நடந்தவை. எடுத்துச் சொல்லப் புகுந்தாலோ அதைப் போல் பத்து மடங்கு நேரமும் போதாது.

தமக்கு நேர்ந்தது தனிப்பட்ட விசித்திரமா, பொதுவான இயல்பா என்று அறிய விரும்பிய ஹைம், மலையில் விழுந்து பிழைத்தவர்களையும், கூரை வேய்வோர், கல் தச்சர், போரில் காயம்பட்டவர், நீரில் மூழ்கி மீண்டவர் முதலியோரையும் பல ஆண்டுகள் விசாரித்து, 1892-இல் ஸ்விஸ் மலையேறுவோர் சங்கத்தின் ஆண்டு மலரில் தம் முடிவுகளை வெளியிட்டார். வேதனையில்லை, திகிலில்லை, மனத்தில் ஆழ்ந்த அமைதி, எண்ணத்தின் வேகம் பன்மடங்கு, காலமோ வெகுவாக நீண்டது. இவையே அவர் கண்ட பொதுக் குணங்கள். ஜெர்மன் பாஷையில் இருந்த அக்கட்டுரை வெளியுலகில் பரவ 80 ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் அயோவா சர்வகலாசாலையைச் சேர்ந்த ரஸ்ஸல் நாய்ஸும் ராய் க்ளெட்டியும் அதை 1972-இல் ஆங்கிலமாக்கியதோடு நில்லாமல், உயிருக்கு அபாயம் நேர்ந்து தப்பியவர்களின் வாக்குமூலங்களைத் தாங்களும் திரட்டி, மனம் தன்னைத் தானே விலகி நின்று பார்ப்பது திகிலிலிருந்து காத்துக்கொள்ள அது கையாளும் உபாயம் என்று வாதித்தனர். எனினும் இவை அனைத்தும் சம்பவம் நடந்து முடிந்த பின், சிலவிடத்துப் பல ஆண்டுகள் கழிந்த பின், கேட்டுப் பெற்ற சொற்கள். அவற்றை எழுதிய கை அனுபவத்தினுடையதா, ஞாபகத்தினுடையதா என்பதை அவற்றைக்கொண்டே தீர்மானிப்பதற்கில்லை.

இந்த வேற்றுமையின் முக்கியத்துவத்தை, ஹைமின் கட்டுரை வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1890-இல் வெளிவந்த தம் மனோதத்துவப் பெருநூலில் வில்லியம் ஜேம்ஸ் எடுத்துக்காட்டிவிட்டார். புதுமையும் பலவகை நிகழ்ச்சியும் நிறைந்த நேரம் கழியும்போது குறுகியும், பின்னர் நினைக்கும்போது நீண்டும் தோன்றும். வெறுமையாகக் கழிந்த நேரமோ, கழியும்போது நீண்டும், நினைக்கும்போது குறுகியும் தோன்றும். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருக்காகக் காத்திருந்த பிற்பகல் அன்று யுகமாகத் தோன்றினாலும், மாதம் ஒன்று சென்றபின் அதிலிருந்து நினைவுகூர ஒன்றும் இராது. பிரிவாற்றாத தலைவிக்கு இரவு நீள்வதைச் சங்கப் புலவர் முதல் வள்ளுவர் வரை பாடியிருக்கிறார்களே, அது காத்திருப்பின் நீட்சி. ஹைம் கூறியது விபத்தின் நீட்சி. முன்னதில் நீள்வது கழிந்துகொண்டிருக்கும் காலம். பின்னதில் நீள்வது கழிந்த காலமாகவும் இருக்கலாம். இவற்றைப் பிரித்துணராமல் ஒன்றாகக் கருதியதே இத்துறையில் நெடுநாள் நிலவிய குழப்பத்துக்கு மூலம்.

காத்திருப்பின் நீட்சிக்கு ஓரளவு திருப்தியான விளக்கம் இருபதாம் நூற்றாண்டில் கிடைத்தது. 1933-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஹட்சன் ஹோக்லண்ட், ஜுரத்தில் படுத்திருந்த தம் மனைவி, தாம் மருந்து வாங்கி வரச் சென்ற சிறிது நேரத்தை மிக நெடியதாகக் கருதியது கண்டு வியந்து, ஒரு விநாடிக்கு ஓர் எண் என்று தம் மதிப்பீட்டின்படியே அவரை எண்ணச் சொல்லிக் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். ஜுரம் ஏற ஏற எண்ணும் வேகமும் ஏறிற்று. உடலினுள் உஷ்ணத்தால் விரைவுபடும் ரஸாயனக் கடிகாரம் ஒன்று உண்டு என்று அவர் அனுமானித்தார். பின்வந்த மைக்கேல் ட்ரீஸ்மன் 1963-இலும், ஜான் கிப்பன் 1977-இலும் இந்த அனுமானத்துக்குத் திட்டமான உருவம் கொடுத்தனர். அவர்கள் சித்தாந்தத்தின்படி, மூளையில் ஏதோ ஒன்று ஓயாமல் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்க, அவை கோயில் உண்டியலில் விழும் காசுகள்போல ஓரிடத்தில் சேர, சேர்ந்த தொகையைக்கொண்டு மனம் நேரத்தை மதிக்கிறது. நேரத்தின்மீதே கருத்து நிற்கும்போது எல்லாத் துடிப்பும் கணக்கில் ஏறும். வேலையில் கருத்து ஆழ்ந்துவிட்டால் பல துடிப்புகள் கணக்கில் ஏறாமல் நழுவிப்போகும். கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்பவனுக்கு நேரம் போகாததன் காரணம் இதுவே. இத்தகைய கடிகாரம் மூளையின் எந்தப் பகுதியில் உள்ளது, ஒன்றா பலவா என்பதில் மட்டும் இன்னும் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை.

அபாயமும் காத்திருப்பும் இல்லாத சாதாரண வேளையிலும், ஒரு நொடிக்குள்ளேயே காலம் நீண்டு காட்டும் பிரமைகள் உண்டு. சுவர்க் கடிகாரத்தின்மேல் சட்டென்று பார்வையைத் திருப்பினால், விநாடி முள் ஒரு கணம் நின்றுவிட்டதுபோலத் தோன்றி, அதன் பின்னரே நகரத் தொடங்குவதைக் காணலாம். கண் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் குறுகிய இடைவெளியில் பார்வை ஏறக்குறைய அடைபட்டிருப்பதால், அந்தப் பள்ளத்தை மூளை, தாவலுக்குப் பின் கண்ட காட்சியைப் பின்னோக்கி நீட்டி நிரப்பிவிடுகிறது என்று கீலன் யாரோவும் அவருடைய சகாக்களும் 2001-இல் பரிசோதனை மூலம் காட்டினர். ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டு நடுவே வேறொரு படத்தைக் காட்டினால், அதே அளவு நேரமே காட்டப்பட்டிருந்தும், அந்தப் புதிய படம் நெடுநேரம் இருந்ததாகத் தோன்றும் என்று பீட்டர் ட்ஸேயின் குழுவினர் 2004-இல் தெரிவித்தனர். புதுமை காலத்தை நீட்டுகிறது என்ற ஜேம்ஸின் கருத்து, இவ்வாறு ஒரு விநாடிக்கும் குறைந்த அளவிலேயே ஒருவகை ஆதாரம் பெற்றது.

ஆனால் ஹைமின் கேள்வி அப்படியே நின்றது. அதை நேருக்கு நேர் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர், சிறு வயதில் கட்டி முடியாத வீடொன்றின் கூரையிலிருந்து தாமே விழுந்து அந்த நீண்ட க்ஷணத்தை அனுபவித்திருந்த மூளை ஆராய்ச்சியாளர் டேவிட் ஈகிள்மன். செஸ் ஸ்டெட்சன், மாத்யூ ஃபியெஸ்டா ஆகியோருடன் சேர்ந்து அவர் 2007-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின் களம், டல்லாஸ் நகரத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றில் இருந்த உயர்ந்த கோபுரம். அதன் உச்சியிலிருந்து, கயிற்றுப் பிணைப்பு ஏதுமின்றி, முதுகு கீழாக, 31 மீட்டர் ஆழத்தில் விரித்திருந்த வலையை நோக்கி மனிதர்கள் விழவிடப்பட்டார்கள். வீழ்ச்சி நீடித்தது சுமார் இரண்டரை விநாடி. உண்மையான திகிலை ஆராய்ச்சிசாலைக்குள் வரவழைக்க முடியாதாகையால், திகில் உள்ள இடத்துக்கு ஆராய்ச்சியே சென்றது.

விழுந்தவர்கள் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவிதான் இதில் நுட்பமானது. சிறு விளக்குகளாலான அதன் முகப்பில் ஓர் எண் தோன்றும். அடுத்த கணமே, ஒளிர்ந்தவை அணைந்தும் அணைந்தவை ஒளிர்ந்தும் அதே எண்ணின் மறுதலை தோன்றும். மாற்றம் மெதுவாக இருந்தால் எண்ணைப் படிக்கலாம். குறித்த ஒரு வேகத்தைத் தாண்டினால் இரண்டும் கலந்து வெறும் ஒளிப்பரப்பாகிவிடும். அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறுபடுமாதலால், ஒவ்வொருவருக்கும் அதைத் தரையிலேயே அளந்துகொண்டு, படிக்க முடியாதபடி வேகத்தைச் சற்றே கூட்டிவைத்து, விழும்போது பார்த்துச் சொல்லுமாறு பணித்தனர். திகிலில் காலம் மெய்யாகவே மெதுவாகுமாயின், அதாவது கண்ணும் மூளையும் ஒரு விநாடியை வழக்கத்தினும் நுண்ணிய துண்டுகளாக்கிக் காணுமாயின், தரையில் படிக்க முடியாத எண் ஆகாயத்தில் படிக்கக் கிடைக்க வேண்டும். அவ்வாறு கிடைக்கவில்லை. எனினும், தாம் விழுந்ததை மனத்துக்குள் மீண்டும் ஓட்டிப் பார்த்து நிறுத்துகடிகாரத்தால் அதன் நேரத்தைக் காட்டுமாறு கேட்டபோது, பிறர் விழக் கண்டதற்குத் தாம் காட்டிய நேரத்தைவிடச் சராசரி 36 சதவீதம் அதிகமாகவே காட்டினார்கள். நீட்சி உண்டு; பார்வையில் நுட்பம் கூடவில்லை.

இதிலிருந்து ஈகிள்மன் குழுவினர் கொண்ட முடிவு, நீள்வது நிகழ்காலம் அன்று, ஞாபகமே என்பது. அச்சம் எழும்போது விழிப்புறும் அமிக்டலா என்ற மூளைப்பகுதி, சாதாரண நாளில் மனம் கழித்துத் தள்ளிவிடும் அற்ப விவரங்களையும் ஞாபகத்தில் செறிவாகப் பதியச் செய்கிறது. பின்னர் அந்தப் பதிவைப் புரட்டிப் பார்க்கும் மனம், இவ்வளவு விவரம் நிகழ வேண்டுமாயின் இவ்வளவு நேரம் சென்றிருக்க வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஜேம்ஸ் கூறிய விதியின் உச்சநிலை என்றே இதனைக் கொள்ளலாம்.

ஆயினும் வழக்கு இத்துடன் தீர்ந்துவிட்டதென்று சொல்ல முடியாது. வலை விரித்திருப்பது தெரிந்தே விழுபவனின் அச்சத்தையும், பாறைமேல் விழப்போகிறோம் என்று நம்பிய ஹைமின் நிலையையும் சமமாகக் கொள்ளலாமா என்பது ஓர் ஆட்சேபம். கண் எத்தனை வேகமாகப் படிக்கிறது என்பதை அளந்தால், எண்ணம் எத்தனை வேகமாக ஓடுகிறது என்பதை அளந்ததாகிவிடுமா என்பது மற்றொன்று. ஹைம் தம் பார்வை கூர்மையுற்றதைக் காட்டிலும் தம் சிந்தனை விரைந்ததையே பெரிதாகப் பேசினார். இதற்குத் துணைசெய்வதுபோல், நொபுஹிரோ ஹகுராவும் அவருடைய சகாக்களும் 2012-இல் வெளியிட்ட பரிசோதனையில், கையை நீட்டித் தொடுவதற்கு ஆயத்தமாகும் மனிதனுக்கு எதிரேயுள்ள காட்சி அதிக நேரம் நீடிப்பதாகத் தோன்றுவதோடு, வேகமாக மாறிச் செல்லும் எழுத்துக்களைக் கண்டுகொள்ளும் திறமையும் ஓரளவு கூடுகிறது என்று தெரியவந்தது. எனவே, அச்சத்தால் கிடைக்காத நுட்பம் ஆயத்தத்தால் சிறிது கிடைக்கக்கூடும். பந்து தன்னிடம் நிதானமாக வந்தது என்று சொல்லும் ஆட்டக்காரனின் வார்த்தையை, விபத்துக்குள்ளானவனின் வார்த்தையோடு ஒரே நிறையில் வைத்துத் தள்ளிவிடுவது சரியாகாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், மெதுவாகும் காலம் என்று நாம் ஒரே பெயரிட்டு அழைப்பதில் குறைந்தது மூன்று விஷயங்கள் அடங்கியிருப்பது புலனாகிறது: காத்திருப்பவனிடம் கவனத்தின் வேலை, கடிகார முள்ளிலும் புதிய படத்திலும் புலன்களின் வேலை, விபத்தில், முழுமையும் இல்லாவிடினும் பெரும்பாலும், ஞாபகத்தின் வேலை. நின்றுவிட்டதாகத் தோன்றும் முள்ளை ஆராய்ந்து அறிந்ததை விபத்துக்குப் பொருத்துவதோ, விபத்தில் கண்டதை ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் பொருத்துவதோ பிழைபட்ட முடிவுகளுக்கே கொண்டுசெல்லும்.

இது அறிஞர்களின் பொழுதுபோக்கு விவாதம் மட்டும் அன்று என்பதற்கு நியாயஸ்தலங்களே சான்று. எலிசபெத் லாஃப்டஸும் உடன் ஆய்ந்தோரும் 1987-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வங்கிக் கொள்ளை ஒன்றைச் சித்திரிக்கும் 30 விநாடிப் படத்தைக் கண்டவர்கள், அது இரண்டு நிமிஷத்துக்கும் மேல் ஓடியதாகச் சராசரியாக மதிப்பிட்டார்கள். குற்றவாளியின் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்தேன் என்ற சாட்சியின் கூற்றே அவர் அடையாளம் காட்டுவதற்குப் பலம் தருவதாகக் கருதப்படும்போது, இந்த மிகைக்கு ஒரு மனிதனின் விடுதலையே விலையாகலாம். ஆஸ்திரியப் பாதிரியார் ஆகஸ்ட் முஸ்கர் 1904-இல் உரிமை பெற்ற கருவியிலிருந்து வளர்ந்த மந்தவேகப் படக்காட்சி, இன்று கண்காணிப்புக் காமிராவின் வழியாக அதே நியாயஸ்தலத்தில் புகுந்திருக்கிறது. யூஜீன் கருஸோவும் சகாக்களும் 2016-இல் காட்டியபடி, ஒரு கொலைக்காட்சியை மந்தவேகத்தில் பார்ப்பவர்கள், சுட்டவனுக்கு யோசிக்க அதிக அவகாசம் இருந்ததாகக் கருதி, அவன் வேண்டுமென்றே செய்தான் என்ற முடிவுக்கு எளிதில் வருகிறார்கள். இயல்பான வேகத்திலும் காட்டினால் இந்தச் சாய்வு குறைகிறதேயன்றி முற்றும் ஒழிவதில்லை.

ஆகவே, வெகுநேரம் நடந்தது என்று கூண்டில் நின்று சொல்லும் சாட்சி பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அவர் தம் ஞாபகத்தின் செறிவை உள்ளபடியே கூறுகிறார். என்ன நடந்தது என்பதை அவரிடம் கேட்கலாம், எத்தனை விநாடி என்பதை அவரிடம் கேட்டுத் தீர்ப்பெழுதலாகாது. அதைத் தொலைபேசிப் பதிவும் காமிராவின் மணிக்குறிப்பும் சொல்லட்டும். காமிராப் படத்தையும் முதலில் அதன் இயல்பான வேகத்தில் காட்ட வேண்டும் என்பதை நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நியதியாகக் கொள்வது நலம்.