டாஷ்போர்டில் இருந்த ஓட்டை

180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். உங்கள் தெருவில் 20 வருஷப் பழைய கார் ஏதாவது நின்றால், அதன் ஸ்டீரியோவை ஒரு ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். முகப்பு பெரும்பாலும் இந்த அளவில் இருக்கும். இல்லையென்றால் உயரம் மட்டும் இரண்டு மடங்காக, 100 இருக்கும். ஜெர்மனியின் தர நிர்ணய அமைப்பான டின் வகுத்த அளவு இது. பிறகு ஐ.எஸ்.ஓ. 7736 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது. கடைக்காரர்கள் 'சிங்கிள் டின்', 'டபுள் டின்' என்று சொல்வது இதைத்தான். தகர டின்னுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஸ்டீரியோவைவிட அது உட்கார்ந்திருக்கும் ஓட்டைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கார் வாங்குபவருக்குச் சத்தமில்லாமல் கிடைத்த ஓர் உரிமை அது. புதிய கார்கள் அந்த ஓட்டையை அதே மாதிரி சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டு வருகின்றன. நாமோ ஷோரூமில் நின்று, "அப்பா, எவ்ளோ பெரிய ஸ்கிரீன்!" என்று வாயைப் பிளக்கிறோம். இதற்கான பில் யார் கைக்குப் போகப்போகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

காருக்குள் பாட்டு வந்ததே வெளியிலிருந்துதான். 1930இல் அமெரிக்காவில் பால் கால்வினின் நிறுவனம் விற்ற ரேடியோ, ஏற்கெனவே வாங்கிய காரில் தனியாக மாட்டிக்கொள்ளும் சாமான். அதற்கு வைத்த பெயர் மோட்டரோலா. பின்னாளில் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது. அதற்குப் பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, யு.எஸ்.பி., புளூடூத் எல்லாம் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் யாரும் காரை விற்க வேண்டியிருக்கவில்லை. ஓட்டை அப்படியே இருந்தது, பெட்டி மட்டும் மாறியது.

என் கார் 2012 மாடல். கம்பெனி கொடுத்த ஸ்டீரியோவில் சிடி, எஃப்.எம்., ஆக்ஸ் ஒயர் செருக ஒரு குழி, அவ்வளவுதான். மேப் பார்க்க போனைக் கையில் பிடிக்க வேண்டிய நிலை. இரண்டு வருஷம் முன்பு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடையில் அதை மாற்றினேன். வேலை செய்த பையன் பிளாஸ்டிக் முகப்பை நெம்பி எடுத்து, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, பின்னாலிருந்த கப்ளரைப் பிடுங்கினான். புது யூனிட்டில் மஞ்சள் ஒயர் எப்போதும் கரண்ட் இருப்பது. கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் உயிரோடு இருக்கும். சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும். கறுப்பு, எர்த். வெள்ளை, சாம்பல், பச்சை, ஊதா ஜோடிகள் நாலு ஸ்பீக்கருக்கும். ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மின்தடை. ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினால் யூனிட் கற்றுக்கொள்கிறது. "கப்ளர் டு கப்ளர் சார், ஒரு ஒயர்கூட வெட்டல" என்றான் பையன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, காருக்கு இது தெரியவே தெரியாது. இன்ஜின், பிரேக், ஏசி எதுவும் ஸ்டீரியோவை எதற்காகவும் கேட்பதில்லை. மூத்தவருக்கு 12 வயது, புதிதாக வந்தவருக்கு ஒரு நாள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் குடியிருக்கிறார்கள்.

ஓட்டை இருந்த காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சந்தையில் பொய்யும் தாராளமாகப் புழங்கியது. '50 வாட் × 4' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்ஜின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட் அளவு, ஸ்பீக்கர் 4 ஓம். யூனிட்டுக்குள் இருக்கும் சாதாரண ஆம்ப் சிப் அந்த வோல்ட் முழுவதையும் ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலும், உச்சம் 14.4 உள்ள சுத்தமான அலையின் பயனுள்ள மதிப்பு, அதாவது ஆர்.எம்.எஸ்., 10.2 வோல்ட்தான். 10.2 × 10.2 ÷ 4 = 26 வாட். நிஜத்தில் அதற்கும் கீழே. அப்புறம் 50 எங்கிருந்து வந்தது? 14.4 × 14.4 ÷ 4 = 51.8. அலை முழுக்கச் சதுரமாக வெட்டுப்பட்டு, பாட்டு வெறும் இரைச்சலாகும்போது கிடைக்கிற எண் அது. இன்றைய மலிவு ஆண்ட்ராய்டு யூனிட்கள் சிலவற்றில் காட்டப்படும் ஆண்ட்ராய்டு பதிப்பு எண்ணே பொய். ஆனால் இந்தப் பொய்களுக்கு ஒரு எல்லை உண்டு. ஏமாந்தால் பெட்டியைக் கழற்றி வேறு பெட்டி போடலாம். கார் தப்பித்துவிடும்.

ஓட்டை அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த இரண்டு விஷயங்கள்.

முதலாவது வேடிக்கையானது. 2022 ஜனவரியில் சியாட்டில் பகுதியில் கே.யு.ஓ.டபிள்யூ. என்ற வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்த 2014 முதல் 2017 வரையிலான மாஸ்டா கார்கள் பலவற்றில் திரை திரும்பத் திரும்ப அணைந்து எரிந்தது. ரேடியோவும் அந்த ஒரே ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டது. காரணம், டிஜிட்டல் ஒலிபரப்போடு அனுப்பப்பட்ட படங்களின் கோப்புப் பெயரில் கடைசியில் வரவேண்டிய நீட்டிப்பு எழுத்துகள் இல்லை. இந்த அற்ப விஷயத்துக்கு அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டாவது வேடிக்கை இல்லை. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களின் நடுத்திரைக்குள் 8 ஜி.பி. நினைவகச் சிப் ஒன்று இருந்தது. எழுதி எழுதி அழிப்பதில் அது தேய்ந்துபோகும். தேய்ந்தால் திரை போகும். திரை போனால் பாட்டு மட்டுமா போகும்? பின்பக்கக் கேமரா போகும், கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியும் போகும். அதனால் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு தலையிட்டது. 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைப்பதாக டெஸ்லா ஒப்புக்கொண்டது. என் காரில் ஸ்டீரியோ செத்தால் நான் விசிலடித்துக்கொண்டே வீடு வந்து சேரலாம். அங்கே ஸ்டீரியோவின் நோய் காருக்கே நோயாகிவிட்டது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேமராவும் சென்சாரும் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டுவது வசதி. வெயிலில் நின்றாலும் தாங்குமா, குழியில் இறங்கினால் கடகடக்குமா என்று சோதித்துக் கொடுக்கிறார்கள். கடையில் மாட்டும் யூனிட்டுக்கு அந்தச் சோதனை கிடையாது. எனக்கு ஆட்சேபம் திரையின் மேல் இல்லை. நம்ம ஊரில் தனியார் காரின் ஆர்.சி. 15 வருஷத்துக்குச் செல்லும். சாஃப்ட்வேருக்கும் சிப்புக்கும் அவ்வளவு ஆயுள் யாரும் எழுதித் தருவதில்லை. ஆயுள் குறைந்ததை ஆயுள் கூடியதோடு பிரிக்க முடியாதபடி ஒட்டினால், கடைசியில் குறைந்த ஆயுள்தான் ஜெயிக்கும்.

பில் யாருக்கு என்று கேட்டேன் அல்லவா? ஷோரூமில் வாயைப் பிளந்தவர் அஞ்சு வருஷத்தில் விற்றுவிட்டுப் போய்விடுவார். பத்தாவது வருஷத்தில் திரை கறுக்கும்போது ஓட்டுவது மூன்றாவது ஓனர். கையிலிருந்த காசைப் போட்டு முதல் கார் வாங்கியவராக இருப்பார். ஏசியைக் கூட்டக் குறைக்க ஒரு குமிழ்கூடத் தனியாக இல்லாத கார் அவர் தலையில் விடியும். அதே வயதுள்ள என் மாதிரிக் காரை வாங்கியிருந்தால், ஒரு கடை, ஒரு மணி நேரம், வேலை முடிந்திருக்கும்.

ஓட்டை வேறு வடிவத்தில் திரும்பியும் வந்தது. 2014இல் ஆப்பிள் அறிவித்த கார்ப்ளேயும், அதே வருஷம் கூகுள் அறிவித்த ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஒருவகையில் சாஃப்ட்வேர் ஓட்டைகள். திரை காருடையது, மூளை நம் போன். போனை மாற்றினால் மூளை மாறுகிறது. அதையும் அடைக்கும் முயற்சி தொடங்கியாகிவிட்டது. தன் புதிய மின்சாரக் கார்களில் இந்த இரண்டையும் தரப்போவதில்லை என்று 2023இல் ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது.

ஆகவே புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் திரை எத்தனை இஞ்ச் என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். திரை அணைந்துபோனால் ஏசியையும் பின்கண்ணாடி டீஃபாகரையும் இயக்க முடியுமா? போனை இணைக்கும் வசதி ஒயரிலும் உண்டா? வாரண்டி முடிந்த பிறகு அந்தத் திரை மட்டும் என்ன விலை? மூன்றாவது கேள்விக்கு சேல்ஸ்மேன் பதில் சொல்லத் தடுமாறினால், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் அதன் குட்டி ஸ்டீரியோவைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டியதில்லை. தாராளமாக மாற்றுங்கள். கழற்றிய பழைய பெட்டியையும் அதன் முகப்பையும் மட்டும் கடையில் விட்டுவிடாமல் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.