வளர்ந்தோரும் கருவியும்: கணினிப் பட்டறைகள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை வழியாகக் குருநாகல் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கலகெதர. கண்டியரசர் காலத்தில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுப் போக்குவரத்தோடு தொடர்புடைய முஸ்லிம் குடியிருப்புகளுள் ஒன்றான மடிகே இவ்வூரைச் சார்ந்ததாகும். மலைப்பாதையின் ஏற்றத்தையும் மாட்டின் குணத்தையும் பொதியின் நிறையையும் ஒருங்கே கணிக்க வேண்டிய அத்தொழில், கூடச் சென்று செய்து பழகுவதனாலன்றி வேறெவ்வாறும் கைவரக்கூடியதன்று. இத்தகைய ஊர்களில் வளர்ந்தோருக்கெனக் கணினி, கைப்பேசிப் பட்டறைகளை நடத்த முற்படுவோர், அவர்களை ஏதுமறியாத சிறுவர்களாகக் கருதியே பாடத்தை வகுக்கின்றனர். இக்கருத்தே பட்டறைகளின் தோல்விக்கு முதற் காரணமென்பது எமது துணிபு.

வழமையான திட்டமொன்றை நோக்குக. முதல் நாள் பாபேஜின் வரலாறு. இரண்டாம் நாள் கணினியின் உறுப்புகள். மூன்றாம் நாள் கோப்பும் கோப்புறையும். இறுதி நாள் அதிதிகளின் உரையும் சான்றிதழ் வழங்கலும். நாற்பத்தைந்து வயதுக் கடைக்காரர் ஒருவர் கேட்க வந்த ஒரேயொரு கேள்வி இவற்றுள் எங்கும் இடம்பெறுவதில்லை. வளர்ந்தோர் கல்வி பற்றி எழுதிய மல்கம் நோல்ஸ், கற்பதன் தேவையை உணர்ந்த பின்னரே வளர்ந்தவர் கற்க முனைவர் என்றார். இதனை அறிய அமெரிக்க அறிஞரிடம் செல்ல வேண்டியதில்லைதான். ஆயினும் நமது திட்டங்கள் அதனை அறிந்தனவாகத் தெரியவில்லை.

அளவீடுகளும் இம்மயக்கத்திற்குத் துணைபோகின்றன. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, நாட்டில் கணினி எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர். தானாகக் கணினியை இயக்கக்கூடியவர் எவரும், கணினியில் விளையாடத் தெரிந்த ஐந்து வயதுக் குழந்தை உட்பட, அதன் வரைவிலக்கணத்துள் அடங்குவர். கருவியை இயக்குதல் வேறு. கருவியால் தன் கருமத்தை முடித்தல் வேறு.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்து செயற்பட்டதோர் இயக்கம் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்தது. 1991ஆம் ஆண்டளவில் அங்கு அறிவொளி இயக்கம் முனைப்புப் பெற்றபோது, மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குரிய பாடமாக அவ்வியக்கம் ஏற்றது. குறுகிய காலத்துள் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத்தின் எழுத்துகளால் இது பின்னர் பரவலாக அறியப்பட்டது. மிதிவண்டியைக் கணினியோடு ஒப்பிடலாமா எனச் சிலர் வினவலாம். புதிதாகக் கைக்கு வரும் எந்தக் கருவியும், கற்பவரைப் பொறுத்தவரை, ஒரே வகையான அச்சத்தையே எழுப்புகின்றது. விழுந்துவிடுவோமா, பிறர் நகைப்பரா, இது நமக்குரியதா என்பனவே அவ்வச்சத்தின் கூறுகள்.

புதுக்கோட்டையில் இவை எவ்வாறு கடக்கப்பட்டன? பெருந்திரளானோர் ஒரேவேளையில் கற்றமையால் நகைப்போரின் தொகை நகைக்கப்படுவோரின் தொகையிலும் குறைந்தது. கற்றவளே அடுத்தவளுக்குக் கற்பித்தாள். நீர் சுமத்தல், விளைபொருளை விற்றல், கல்லுடைக்கும் இடத்திற்குச் செல்லல் ஆகிய அன்றாடக் கருமங்களில் மறுநாளே அக்கல்வி பயன்பட்டது. மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழிசெய்யப்பட்டது. பெண்களுக்கான வண்டி கிடைக்காதவிடத்து ஆண்களுக்கான வண்டியையே வாங்கி ஓட்டினர். பட்டறை முடிந்ததும் கருவியைப் பூட்டிவைத்துவிட்டுச் செல்லும் நமது அமைப்பாளர்கள் இக்கடைசிச் செய்தியை இருமுறை படித்தல் தகும்.

நமது அயலிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. கொத்மலைச் சமுதாய வானொலி 1998இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் இணையத்தை வானொலியோடு இணைத்தது. நேயர்கள் அனுப்பிய வினாக்களுக்கு அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடி, துறைசார்ந்தோரின் துணையுடன் ஒலிபரப்பினர். வினா கற்பவரிடமிருந்து பிறந்தமையே இதன் சிறப்பு. எனினும் நேயரின் கை கருவியைத் தொடவில்லை. அவர் கேட்போராகவே எஞ்சினார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் இணைய வசதி அமைக்கப்பட்டமை இக்குறையை ஒருவாறு ஈடுசெய்தது. பின்வந்த ‘நெனசல’ எனும் அறிவகத் திட்டம் வழிபாட்டிடங்களிலும் நூலகங்களிலும் கணினிகளை நிறுவி, 2014இல் கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர்ப் பரிசையும் பெற்றது. பரந்த அத்திட்டத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நிலையங்களின் தொகையைப் பற்றியதாகவே அமைந்தது.

இவை வெறும் கற்பித்தல்முறைப் பிரச்சினைகள் அல்ல. 2022 யூலையில் எரிபொருளுக்கான தேசிய அனுமதி அட்டை அறிமுகமானபோது, முச்சக்கரவண்டி ஓட்டுநர் முதல் விவசாயி வரை அனைவரும் இணையவழியே பதிய வேண்டியதாயிற்று. இயலாதவர் தொலைத்தொடர்புக் கடையிலுள்ள இளைஞரை நாடினர். முன்னர் கச்சேரி வாசலில் மனு எழுதுவோரிடம் நின்ற அதே நிலைதான் இது. ஆனால் மனு எழுதியவர் ஒருவரின் குறையை மட்டும் அறிந்தார். இன்றைய கடைக்காரரோ அடையாள அட்டை இலக்கம், கடவுச்சொல், வங்கியிலிருந்து வரும் இரகசிய எண் ஆகியவற்றையும் அறிந்துவிடுகின்றார். அவர் நல்லவராயிருத்தல் அவரது பெருந்தன்மை. அதனை நம்பியே ஒருவர் வாழ வேண்டியிருத்தல் அவலம்.

தமிழ் பேசுவோருக்கு இன்னுமொரு தடையுண்டு. தட்டச்சுப்பொறி மரபினையொட்டிய ரெங்கநாதன் விசைப்பலகை இலங்கையின் நியமம். பழகியோர் பலர் கையாள்வது பாமினி. தமிழகம் 1999இல் ஏற்றது தமிழ் 99. கைப்பேசியோ ஆங்கில எழுத்தால் தமிழை எழுதச் சொல்கின்றது. தமிழகத்தார் ‘பதிவிறக்கம்’ என்பதை நாம் ‘தரவிறக்கம்’ என்கின்றோம். சொல்லாக்கக் குழுக்கள் மோதிக்கொள்ளட்டும்; பட்டறையில் ஒரு திரையில் காணும் சொல்லையே ஆசிரியரும் சொல்லுதல் போதுமானது. ஆங்கிலம் அறியாத ஒருவரை ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதப் பணித்தல் நகைப்பிற்குரியது. அவருக்குக் குரல்வழி உள்ளீடே உகந்தது.

பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் இத்தகைய பட்டறைகளை ஏற்க முன்வருமாயின், பாடத்திட்டம் வகுக்குமுன் ஊருக்கொருமுறை சென்று மக்களுக்கு எது தேவை எனக் கேட்டறிதல் வேண்டும். ஓர் அமர்வுக்கு ஒரு கருமம் போதும்: மத்திய கிழக்கிலுள்ள மகளுடன் முகம் பார்த்துப் பேசுதல், மின்கட்டணம் செலுத்துதல், போலிச் செய்தியை இனங்காணல். கற்பவர் தமது சொந்தக் கைப்பேசியிலேயே கற்றல் வேண்டும். முதற்பாடம் எழுத்தின் அளவைப் பெரிதாக்குதலாகும். கண்ணாடியை மறந்து வந்தவரின் தடுமாற்றத்தை அறியாமை எனக் கொள்வோர் பலர். உழைத்துக் காய்த்த விரல் திரையில் நீண்டநேரம் அழுந்துவதால் வேறொரு கட்டளை பிறந்துவிடும். அதனைக் கண்ட பயிற்றுநர் பொறுமையிழந்து கைப்பேசியைத் தாமே வாங்கிச் செய்து காட்டுவர்; அக்கணமே பாடம் முடிந்துவிடுகின்றது. பயிற்றுநர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்றல் என்பது கேட்பதற்கு எளிது. இருபது வயது மாணவர் ஒருவருக்கு அதனைப் பழக்குவதற்கே தனியான பட்டறையொன்று வேண்டியிருக்கும்.