உயிலைத் தேடிய அந்தோணி

மேடைப் பேச்சுக்கு இலக்கணம் கூறுவோர், ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் சீசரின் பிணத்தருகே நின்று அந்தோணி ஆற்றும் உரையை எடுத்துக்காட்டுவர். நண்பனை இழந்தவனின் உள்ளக் குமுறல் என்றே அதனைப் பலரும் போற்றுவர். நாடகத்தை முழுதும் படித்தால் அவ்வாறு போற்ற இடமில்லை.

சீசரைக் கொன்றது முறையா, பிழையா என்று உரோமாபுரி மக்கள் தடுமாறிய வேளை அது. அந்தோணி அவ்வழக்கை ஆராயவில்லை; சீசரின் உயிலைக் காட்டினான். குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திரக்மா, ஆற்றங்கரைச் சோலைகள் யாவருக்கும் பொது என்று கேட்டதும் கூட்டம் தீ வைக்க ஓடியது. தனித்து நின்ற அந்தோணியிடம் துயரம் இல்லை. தீங்கு தொடங்கிவிட்டது என்ற நிறைவே இருக்கிறது! அடுத்த காட்சியில், சின்னா என்னும் கவிஞன், சதிகாரன் ஒருவனின் பெயரைத் தானும் தாங்கிய குற்றத்திற்காக அக்கூட்டத்தின் கையில் மாள்கிறான்.

இனி நான்காம் அங்கத்தின் முதற் காட்சியைக் காண்க. மாணவர்க்கு உரையை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர்கள் இதனைத் தொடுவதே இல்லை. அந்தோணியும் ஆக்டேவியசும் லெப்பிடசும் அமர்ந்து, கொல்லப்பட வேண்டியோரின் பெயர்களைக் குறிக்கின்றனர். உடன்பிறந்தாள் மகனையும் அந்தோணி தயங்காமல் விட்டுக்கொடுக்கிறான். பின்னர் அதே உயிலை எடுத்துவர லெப்பிடசை அனுப்புகிறான். எதற்காக? அதில் சொல்லிய கொடைகளுள் எவற்றைக் குறைக்கலாம் என்று பார்ப்பதற்காக! லெப்பிடஸ் அப்பால் சென்றதும், சுமை தூக்கும் கழுதை என்று அவனையும் இகழ்கிறான்.