நாம் எந்தக் கட்சி?

கதை எழுதுகிறவன் அரசியலைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டால் இரண்டு விதமான கடிதங்கள் வருகின்றன. 'உமக்கு எதற்கையா இந்த வேலை?' என்று கேட்பது ஒன்று. 'நீர் எந்தக் கட்சி?' என்று கேட்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். மனிதர்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன், அவர்கள் வீட்டு அடுப்படி வரை வந்து நிற்கிற ஒரு விஷயத்தைக் கண்டும் காணாமல் எப்படிப் போக முடியும்? இரண்டாவது கேள்விக்குத்தான் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதே கேள்வியைச் சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பெரியவர் வேறொரு அர்த்தத்தில் என்னிடம் கேட்டார். அதற்கு இன்று வரை பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

'கட்சி' என்பது நம்மிடையே வெகுகாலமாகப் புழங்குகிற சொல். பையன்கள் சடுகுடு ஆடுவதற்கு முன்னால் கட்சி பிரித்துக்கொள்கிறார்கள். வக்கீல், தம்மிடம் வழக்கோடு வருகிறவரைத் தம் கட்சிக்காரர் என்கிறார். தஞ்சை ஜில்லாவில் காமன் பண்டிகை வந்தால் லாவணி பாடுவார்கள். மராட்டியர் ஆட்சியோடு வந்து, நம் மண்ணோடு மண்ணாகிவிட்ட கலை அது. சிவபெருமானின் நெற்றிக்கண் பட்டு மன்மதன் எரிந்துபோனான் என்று ஒருவர் டேப்பைத் தட்டிக்கொண்டு பாடுவார். எரியவே இல்லை என்று எதிரில் இருப்பவர் பாடுவார். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று அவற்றுக்குப் பெயர்.

சிறுவனாக இருந்தபோது கோரைப்பாயில் உட்கார்ந்து, தூக்கம் கண்ணைச் சுழற்ற, நானும் கேட்டிருக்கிறேன். சூடு ஏறிவிட்டால் ஒருவர் பரம்பரையை மற்றவர் சந்திக்கு இழுத்துவிடுவார். இன்றைக்குக் கொலை விழாமல் போகாது என்று எனக்குப் பயமாக இருக்கும். பொழுது விடிந்ததும் பார்த்தால் இருவரும் ஒரே வாய்க்காலில் முகம் கழுவிக்கொண்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இரவெல்லாம் அவர்கள் சண்டை போட்டது எங்களுக்காக. பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஜனங்கள் எழுந்து போய்விட்டால் அப்புறம் எரிந்த கட்சி ஏது, எரியாத கட்சி ஏது?

அரசியலில் கட்சிகள் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கேட்கிறவன் ஒருவன்கூட இல்லாமலே பாட்டு ஜாம்ஜாம் என்று நடக்கும் என்பதை 2017-ஆம் வருஷம்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. வழக்கமாகப் பெய்கிற மழையில் 62 சதவீதம் குறைவு. அந்த வருஷம் டிசம்பர் 5-ஆம் தேதி முதலமைச்சர் ஜெயலலிதா காலமானார். 2017 ஜனவரி 10-ஆம் தேதி, அப்போதிருந்த 32 ஜில்லாக்களும் வறட்சிக்கு ஆளானவை என்று அரசாங்கமே அறிவித்தது. கிணறுகள் வறண்டிருந்தன. கருகிய பயிரைப் பார்த்து விவசாயிகள் மாண்டார்கள் என்ற செய்தி தினம் வந்துகொண்டிருந்தது.

அந்த வேளையில், அடுத்த முதலமைச்சர் யார் என்ற போட்டி ஆளுங்கட்சிக்குள் மூண்டது. பிப்ரவரி 8-ஆம் தேதி, அந்தக் கட்சியின் சட்டசபை உறுப்பினர்களில் பெரும்பாலோரைப் பஸ்களில் ஏற்றிக் கல்பாக்கத்துக்கு அப்பால் கூவத்தூரில் ஓர் உல்லாச விடுதியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஜனங்களின் பிரதிநிதிகள் பத்து நாள் ஜனங்களின் கண்ணில் படவில்லை. பிப்ரவரி 18-ஆம் தேதி சபைக்கு வந்து வாக்களித்தார்கள். புதிய மந்திரிசபைக்கு ஆதரவாக 122 பேர். எதிராக 11 பேர்.

மார்ச்சு மாதம் தமிழ்நாட்டு விவசாயிகள் சிலர் டில்லிக்குப் போய், மண்டை ஓடுகளை முன்னால் வைத்துக்கொண்டு 41 நாள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஜூலையில் மறுபடியும் போய் உட்கார்ந்தார்கள். அதே ஜூலையில் நம் சட்டசபை உறுப்பினர்களின் மாதச் சம்பளம் ரூ.55,000-லிருந்து ரூ.1,05,000 ஆக உயரும் என்று அறிவிப்பு வந்தது. சம்பளம் கூடாது என்று நான் சொல்லவில்லை. வறுமையில் இருக்கிற உறுப்பினர் லஞ்சத்துக்கு வசப்படுவார் என்ற வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் குழந்தை ஜுரத்தில் கிடக்கும்போது தகப்பன் தனக்குப் பட்டு வேஷ்டி எடுத்துக்கொண்டு வந்தால், அந்த வேஷ்டி எவ்வளவு நியாயமான விலைக்கு வாங்கியதாக இருந்தாலும், பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள்.

ஆகஸ்டில் ஆளுங்கட்சியின் இரண்டு கோஷ்டிகள் ஒன்று சேர்ந்தன. உடனே மூன்றாவதாக ஒரு கோஷ்டி பிரிந்தது. முதலமைச்சரிடம் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று 19 உறுப்பினர்கள் 22-ஆம் தேதி கவர்னரிடம் கடிதம் கொடுத்தார்கள். பிறகு அவர்களும் விடுதிக்குத்தான் போனார்கள். முதலில் புதுச்சேரி, அப்புறம் குடகு. ஒருவர் மனம் மாறித் திரும்பினார். மற்ற 18 பேரையும் செப்டம்பர் 18-ஆம் தேதி சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார்.

இதற்கு மேல் பத்திரிகைகளில் வந்ததெல்லாம் வழக்குச் செய்தி. 2018 ஜூன் 14-ஆம் தேதி ஹைகோர்ட்டில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்கு மூன்றாவது நீதிபதியிடம் போயிற்று. சபாநாயகர் செய்தது செல்லும் என்று அவர் அக்டோபர் 25-ஆம் தேதி தீர்ப்பளித்தார். காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பது சட்டம். ஆனால் வழக்கு இருந்ததால் தேர்தல் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 16 தொகுதிகளில் 2019 ஏப்ரலிலும், மீதி இரண்டில் மே மாதத்திலும் வாக்குப்பதிவு நடந்து, மே 23-ஆம் தேதி முடிவு தெரிந்தது.

இருபது மாதம்! பெரம்பூர், பூந்தமல்லி, திருப்போரூர், சோளிங்கர், குடியாத்தம், ஆம்பூர், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, அரவக்குறிச்சி, தஞ்சாவூர், நிலக்கோட்டை, ஆண்டிபட்டி, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, சாத்தூர், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் என்று எண்ணிப் பாருங்கள். தொகுதிக்கு இரண்டரை லட்சம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 45 லட்சம் பேர். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து தஞ்சை ஜில்லாவின் தென்னைகளை வேரோடு சாய்த்தபோது, தஞ்சாவூர்த் தொகுதிக்குச் சட்டசபையில் ஆள் இல்லை.

சட்டசபை இல்லாவிட்டால் பஞ்சாயத்து இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அந்தத் தேர்தலும் வழக்கில் சிக்கி, கிராமங்களில் பெரும்பகுதிக்கு 2019 டிசம்பரில்தான் நடந்தது. அதுவரை தனி அலுவலர்கள் ஆட்சி. ஆக, அந்தப் பதினெட்டுத் தொகுதிகளில் ஒரு கிராமத்தானுக்கு மனுக் கொடுக்க மேலேயும் ஆள் இல்லை, கீழேயும் ஆள் இல்லை.

நான் முதலில் சொன்ன பெரியவர் அந்தப் பதினெட்டில் ஒன்றைச் சேர்ந்தவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஊர்ப் பெயர் வேண்டாம். அவர் ஊர்ப் பிள்ளைகள் ஓர் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக வேண்டும். ஓடையின் குறுக்கே இரண்டு பனந்துண்டுகள் கிடக்கும். மழை நாளில் அவை வழுக்கும். தொகுதி நிதியிலிருந்து ஒரு சின்னப் பாலம் கட்டித் தரும்படி உறுப்பினரிடம் மனுக் கொடுத்திருந்தார். அடுத்த வருஷ நிதியில் பார்ப்போம் என்ற பதிலும் வந்திருந்தது. அடுத்த வருஷம் வந்தபோது உறுப்பினரைக் காணவில்லை. அப்புறம் அவர் உறுப்பினராகவே இல்லை. ஒன்றிய அலுவலகத்துக்கு நடந்தார். "தனி அலுவலர்னா நிஜமாகவே தனி ஆள்தான், தம்பி. அவர் ஒருத்தர், ஊரோ நாற்பது" என்று சிரித்தார்.

ஹைகோர்ட்டில் இரண்டு தீர்ப்பு வந்த சமயம் ஏதோ காரியமாக வந்தவர், என் வீட்டுக்கும் வந்தார். காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"சபாநாயகர் ஒரு கட்சி. பதவி போன பதினெட்டுப் பேரும் ஒரு கட்சி. இரண்டு பக்கமும் பெரிய பெரிய வக்கீல். எல்லாம் சரி தம்பி, இந்தக் கேஸிலே நாம எந்தக் கட்சி? வாதியா, பிரதிவாதியா?"

நான் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறுகிறது என்றேன்.

அவர் போன பிறகு சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம் நல்ல நோக்கத்தோடு பிறந்ததுதான். 1967-ல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று தடவை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' என்று வடக்கே அது பழமொழியாகவே ஆகிவிட்டது. உறுப்பினர்களைச் சந்தை மாடுபோல விலைபேசுவதை நிறுத்தத்தான் 1985-ல் அரசியல் சட்டத்தை 52-வது முறையாகத் திருத்திப் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து பிரிந்தால் குற்றமில்லை என்று அதில் இருந்த ஓட்டையை 2003-ல் அடைத்தார்கள்.

ஆனால் அந்தச் சட்டம் யாருக்குச் செய்யும் துரோகத்தைக் குற்றம் என்கிறது? கட்சிக்குச் செய்யும் துரோகத்தை. கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறினால் பதவி போகும். தொகுதிப் பக்கமே தலைகாட்டாமல் ஐந்து வருஷம் விடுதியில் படுத்திருந்தால் அந்த அட்டவணைப்படி ஒன்றும் ஆகாது. தகராறு வந்தால் கட்சி பேசலாம், உறுப்பினர் பேசலாம். சபாநாயகர் தீர்ப்புச் சொல்லலாம். அவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்து வந்தவர்தான். ஓட்டுப் போட்டவனுக்கு மட்டும் அங்கே பாய் விரிக்கவில்லை.

சட்டத்தின் தராசு நேராக நின்றதா என்றும் சந்தேகம் வருகிறது. 2017 பிப்ரவரியில் சபைக்குள்ளேயே மந்திரிசபைக்கு எதிராக வாக்களித்த 11 பேர், பிறகு சமாதானமாகி, 2021 வரை உறுப்பினர்களாகவே இருந்தார்கள். சபைக்கு வெளியே கடிதம் கொடுத்த 18 பேர் பதவி இழந்தார்கள். எது நியாயம் என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. இரண்டு முடிவுகளிலும் தொகுதி மக்களின் சௌகரியத்தை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். 2020 ஜனவரியில், மணிப்பூரிலிருந்து வந்த ஒரு வழக்கில், சபாநாயகர்கள் சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், இந்த அதிகாரம் அவர்களிடமே இருக்கத்தான் வேண்டுமா என்று பார்லிமெண்ட் யோசிக்கலாம் என்றும் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிற்று. நல்ல யோசனை. யோசிக்க வேண்டியவர்கள் கட்சிக்காரர்கள் என்பதுதான் சங்கடம்.

'ஜனங்கள் ஆளைப் பார்த்தா ஓட்டுப் போடுகிறார்கள்? சின்னத்தைப் பார்த்துத்தானே! சின்னம் கட்சியுடையது, ஆகவே உறுப்பினரும் கட்சியின் சொத்து' என்று ஒரு வாதம் உண்டு. இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சின்னம் எப்படி வந்தது? 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான ஜனங்கள் தவறாமல் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி வைத்து அதன்மேல் படம் ஒட்டினார்கள். வாக்காளனுக்குக் கைகொடுக்க வந்த படம் அது. அந்தப் படத்தைக் காட்டியே வாக்காளனை வாயை மூடு என்றால் எப்படி?

அரசியல்வாதிகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. கூவத்தூர் நாட்களில் நானும் உங்களைப்போல் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். விடுதியில் என்ன சமைத்தார்கள், யார் சுவர் ஏறிக் குதித்தார் என்பது வரை ஆவலாகக் கேட்டேன். என்றைக்காவது கதைக்கு ஆகும் என்று ஒரு நோட்டில் குறிப்புகளும் எழுதி வைத்தேன். பெரியவர் வந்து போன அன்று அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். தலைவர்கள் இருந்தார்கள். தூது போனவர்கள் இருந்தார்கள். கவர்னர் இருந்தார். விடுதிச் சிப்பந்தி ஒருவன்கூட இருந்தான். ஓட்டுப் போட்டவன் ஒருவனும் இல்லை. இத்தனை வருஷம் சாமானியனைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கே அவன் ஞாபகம் வரவில்லை. வேடிக்கை பார்க்கிறவன் இருக்கிறவரையில் பாடுகிறவன் ஏன் நிறுத்தப் போகிறான்?

'நீர் எந்தக் கட்சி?' என்று இனி யாராவது எழுதிக் கேட்டால், பெரியவரின் கட்சி என்று எழுதலாமென்று நினைக்கிறேன். அதற்குக் கொடி கிடையாது. வழக்காட வக்கீலும் கிடையாது. ஆனால் எல்லா வழக்கிலும் செலவுத் தொகை அதன் தலையில்தான் விழுகிறது.

போன தடவை அவரைப் பார்த்தபோது ஓடைப் பாலத்தைப் பற்றிக் கேட்டேன்.

"பழைய பனந்துண்டு உளுத்துப்போச்சு, தம்பி. ஊர்ப் பையன்களே சேர்ந்து புதுசா இரண்டு வெட்டிக் கொண்டுவந்து போட்டாங்க" என்றார்.

"எந்தக் கட்சிப் பையன்கள்?" என்று கேட்டுவிட்டேன். நாக்குப் பழக்கம்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதை யார் கேட்டா? நாலு பேர் தூக்கற பாரம். நாலு பேர் வந்தாங்க" என்றார்.