தினைப்புனத்தில் ஒரு தர்க்கம்

கோடைகாலத்து இரவுகளில் திறந்த வெளியில் அமர்ந்து நாடகம் காண்பது தமிழ் மக்களின் பழைய வழக்கம். அறுவடை முடிந்து களங்கள் ஓய்ந்திருக்கும் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களே ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் பிழைப்புக் காலமும் ஆகும். மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் வேரூன்றிய அக்கலை, பிழைப்புத் தேடி வந்த தென்மாவட்டத்து மக்களோடு சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1960களில் தொழிற்பேட்டை அமைந்தபின் அம்பத்தூரில் குடியேறிய தொழிலாளர் குடும்பங்கள் பல. அவர்கள் தம் ஊர்த் திருவிழாவை மறக்கவில்லை. திருவிழாவோடு நாடகத்தையும் மறக்கவில்லை.

சென்ற சித்திரையில் அத்தகைய விழா ஒன்றில் ‘வள்ளி திருமணம்’ நடைபெற்றது. அண்டை வீட்டார் அன்புடன் அழைத்தனர். அவர்கள் நம் பெருநாட்களில் நம் வீட்டு விருந்துக்கு வருபவர்கள்; அந்த அழைப்பை மறுப்பது பண்பாகாது. கல்லூரியில் தமிழ் பயிலும் என் மகளையும் அழைத்துக்கொண்டு சென்றேன். சமயக் கதை என்பதற்காக அன்று, தமிழ் நாடகம் என்பதற்காகவே அதனைக் கண்டேன். அவ்வகையிலேயே இங்கு மதிப்பிடவும் விழைகின்றேன்.

இந்நாடகத்தை யாத்தவர், தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்து இறுதியில் வரும் வள்ளியின் கதையை அவர் மேடைக்கு ஏற்ப வடித்தார். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இதில் இணைந்து நடித்த காலத்தைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். கதை எளியது. வேடர்கோன் நம்பிராஜன் மகள் வள்ளி, பரண்மீது நின்று தினைப்புனம் காக்கின்றாள். நாரதர் தூது செல்கின்றார். முருகன் வேடனாகவும், வேங்கை மரமாகவும், கிழவனாகவும் வேடம் மாற்றி வருகின்றான். அவள் இணங்காமற் போகவே, யானை வந்து அச்சுறுத்துகின்றது. அஞ்சியவள் கிழவனைத் தழுவுகின்றாள். முடிவு திருமணம்.

இதன் உயிர்நிலை யாது? யானையன்று, வேடமாற்றமும் அன்று. ‘தர்க்கம்’ என நாடகக்காரர் கூறும் சொற்போரே அதன் உயிர்நிலை. நாரதரோடும், பின்னர் வேடனாய் வந்தவனோடும் வள்ளி வினாவுக்கு வினா தொடுத்து வாதிடுகின்றாள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்பதில்லை. ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து மேடையில்தான் சந்திப்பர். பாட்டு மனப்பாடம், வாதம் அவரவர் கல்வி. ஆகவே அவள் தோற்பாளா, வெல்வாளா என்பது அந்த இரவில்தான் தெரியும். முற்காலத்தில் இத்தர்க்கம் மணிக்கணக்கில் நீண்டு, விடியும் வேளையில்தான் முடியும்.

அம்பத்தூரில் நிகழ்ந்தது வேறு. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்த வேண்டும் என்பது 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள ஒலி மாசு விதி. நோயாளிகளையும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளையும் எண்ணினால் அவ்விதியைக் குறைகூற இயலாது. ஆனால் விடிய விடிய நடந்த நாடகத்தை மூன்று மணி நேரத்தில் அடக்க வேண்டுமெனில் எதைக் குறைப்பது என்ற கேள்வி எழுகின்றது. அங்கேதான் குழுவினர் தவறினர். பபூனும் நடனப் பெண்ணும் முதல் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டனர். குடும்பத்தோடு இருப்போர் தலைகுனியும் இரட்டைப் பொருட் பேச்சுக்கும் அங்கே குறைவில்லை. தர்க்கத்துக்குக் கிடைத்ததோ கால் மணி நேரம். யானை மட்டும் குறைவின்றி வந்தது, சிறுவர்கள் ஆரவாரித்தனர். நம்பிராஜன் இரண்டு வாக்கியம் பேசி மகளைக் கொடுத்தான். மங்களம் பாடிவிட்டனர்.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நீதியன்று. வள்ளி ஆலோலம் பாடிப் பறவை ஓட்டும் கட்டத்தில் ஒலிபெருக்கி சற்று நேரம் ஓய்ந்துவிட்டது. ஸ்திரீபார்ட் அம்மையார் தயங்கவில்லை. பின்பாட்டுக்காரரின் ஆர்மோனியத்தை மட்டும் துணைகொண்டு குரலை உயர்த்திப் பாடினார். சாலையில் லாரிகள் சென்றுகொண்டிருந்தன. ஆயினும் கடைசி வரிசை வரை அக்குரல் கேட்டது. அத்துணைக் குரல் வளமும் சொல்வளமும் உடையவருக்குத் தர்க்கத்தில் இடம் தரவில்லையே என்ற வருத்தமே மிஞ்சியது.

வீடு திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “அத்தா, அந்தப் பெண் கடைசிவரை சம்மதிக்கவே இல்லையே? பயந்துதானே போய் ஒட்டிக்கொண்டாள்?”

நான் உடனே விடை கூறவில்லை. அவள் கேட்டது நாடக விமர்சனம் மட்டுமன்று. ஃபிக்ஹு நூல்கள் ‘இக்ராஹ்’ எனப் பெயரிட்டு ஆராயும் வினாவும் அதுவே. அச்சத்தால் பெறப்பட்ட இசைவு இசைவாகுமா? தர்க்கம் முழுமையாக நிகழ்ந்திருந்தால் இவ்வினாவே எழுந்திராது. வாதத்தின் இடையிடையே அவள் மனம் நெகிழ்வதையும், சினத்துக்குள் நகை ஒளிந்திருப்பதையும் சபை கண்டிருக்கும். அப்போது யானை வெறும் சாக்கு. சொல்லத் தயங்கியதைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த வாய்ப்பு. தர்க்கத்தை வெட்டிவிட்டு யானையை மட்டும் வைத்துக்கொண்டால், இன்பியல் நாடகம் ஒரு பெண்ணை மிரட்டிக் கவர்ந்த கதையாகிவிடுகின்றது. வெட்டியவர் நேரத்தைத்தான் குறைத்ததாக எண்ணினர். குறைந்தது நாடகத்தின் நியாயம்.

மேனாட்டு இன்பியலிலும் இவ்வுண்மையைக் காணலாம். ஷேக்ஸ்பியரின் ஆர்டன் காட்டு நாடகத்தைப் பம்மல் சம்பந்த முதலியார் ‘விரும்பிய விதமே’ எனத் தமிழாக்கினார். அங்கே வேடமிடுபவள் பெண். ரோசலிண்ட் ஆணுடையில் நின்று, தன்னை விரும்புவோனைச் சொல்லால் சோதித்து, அவன் தகுதியறிந்த பின்பே தன்னை வெளிப்படுத்துகின்றாள். வள்ளி வேடமிடவில்லை, வேடமிட்டு வந்தவனைச் சொல்லால் சோதிக்கின்றாள். காடு வேறு, வேடம் வேறு. பெண்ணின் சொல்லே இரண்டிலும் துலாக்கோல்.

நம் அரபு இலக்கியமும் இதற்குப் புறம்பன்று. அந்தலூஸ் நாட்டு மார்க்க மேதை இப்னு ஹஸ்ம் (994–1064), சட்ட நூல்கள் எழுதிய அதே கையால் ‘தவ்குல் ஹமாமா’ என்னும் நூலையும் எழுதினார். காதலின் இயல்பை 30 இயல்களில் ஆராயும் நூல் அது. தூது செல்வோருக்கு ஓர் இயல், காவல் காப்போருக்கு ஓர் இயல் என வகுத்துள்ளார். அவ்வியல்களைப் படித்தவருக்கு நாரதரும் வேடர் கூட்டமும் அந்நியராகத் தோன்றமாட்டார்கள். நகைச்சுவையும் அவ்வாறே. ‘கிதாபுல் புகலா’ எழுதிய அல்ஜாஹிழ், சிரிப்பு மனிதனுக்கு இன்றியமையாதது என அந்நூலின் முகப்பிலேயே வாதிடுகின்றார். ஆகவே நான் பபூனை வேண்டாம் என்று கூறவில்லை. பபூனின் நகைச்சுவை வள்ளியின் வாயை அடைக்கும்போதுதான் ஆட்சேபிக்கின்றேன்.

தமிழ் அகப்பொருள் மரபில் களவு கற்பில் முடிகின்றது. கந்தபுராணத்திலும் வள்ளி ஈற்றில் தந்தையாலும் சுற்றத்தாலும் முறையாக மணமுடித்துத் தரப்படுகின்றாள். நம் நிகாஹிலும் சாட்சிகளின்றி ஒப்பந்தமில்லை. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தாமே நஃபீஸா என்னும் மாதரைத் தூதனுப்பி மணம் பேசினார்கள் என்பது வரலாறு. அப்புனித வாழ்வை மேடைக் கதையோடு ஒப்பிடுவதற்காக இதனைக் கூறவில்லை. பெண்ணின் விருப்பம் பேசப்படுவது நம் மரபுக்குப் புதிதன்று என்பதற்காகக் கூறுகின்றேன். கன்னிப் பெண்ணின் மௌனமும் இசைவே என்று ஹதீஸில் வந்திருப்பதை நாம் நன்கு நினைவில் வைத்திருக்கின்றோம். அதே ஹதீஸ், முதலில் அவளிடம் கேட்கப்பட வேண்டும் என்று கட்டளையிடுவதைத்தான் மறந்துவிடுகின்றோம். கேட்ட பின் வரும் மௌனம் நாணம். கேளாமலே கிடைக்கும் மௌனம் வெறும் மௌனமே.

நாடகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். மூன்று மணி நேரமே உண்டெனில், அதில் ஒரு மணி நேரம் தர்க்கத்துக்கு உரியதாகுக. கற்ற கலைஞர்கள் இன்றும் இருக்கின்றனர். கேட்க மக்களும் இருக்கின்றனர். ஒலிபெருக்கி ஓய்ந்தபோது அச்சபை காத்த அமைதியே அதற்குச் சான்று.

என் மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருக்கும் காலம் இது. மாப்பிள்ளை வீட்டார் நற்குடியினர் என்பதால், “அவள் என்ன சொல்லப் போகிறாள்” என்று நாங்கள் இருந்துவிட்டோம். நாடகம் கண்ட மறுநாள் சுபுஹுத் தொழுகைக்குப் பின் அவளை அருகில் அழைத்து, “உன் எண்ணம் என்ன, அம்மா?” என்று கேட்டேன். அவள் மௌனமாக இருக்கவில்லை. நான்கு வினாக்கள் எழுப்பினாள். அவற்றுள் இரண்டுக்கு என்னிடம் விடையில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன்.