தொட்டிலுக்குப் பக்கத்தில் விழித்திருப்பவர்கள்

எங்கள் பையனுக்கு ஒன்றரை வயசு ஆனபோதுதான் இரவு என்பது எத்தனை நீளம் என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன்னால் நான் மூன்று நாவல்கள் எழுதியிருந்தேன். மூன்றிலும் இரவு வருகிறது. ஒரு வாக்கியத்தில் வந்து, அடுத்த வாக்கியத்தில் விடிந்துவிடுகிறது. அவை பொய் இரவுகள் என்று இப்போது சொல்லத் தயங்கவில்லை.

பையன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்காருவான். அழமாட்டான். பகலில் விளையாடிய டம்ளர் வேண்டும் என்பான். டம்ளர் வந்தால் தண்ணீர் வேண்டும். தண்ணீர் வந்தால் வேண்டாம். சொன்ன கதையையே திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை மாறினால் கோபம் வந்து தரையில் தலையை முட்டிக்கொள்வான். நாலரை மணிக்குத் தூங்கிப்போவான். ஒன்று முதல் இரண்டு வயசு வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 மணியிலிருந்து 14 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிப் பார்த்தேன். ஒன்பதரைக்கு மேல் போகவில்லை. கணக்கு எழுத ஆரம்பித்த பிறகு என் தூக்கமும் போயிற்று.

இந்த நிலையில், புத்தகம் படிக்கிறவன் என்ன செய்வானோ அதையே நானும் செய்தேன். நம்மவர்கள் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அலமாரியைத் திறந்தேன்.

வள்ளுவர் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். குழந்தை சிறு கையை விட்டு அளைந்த கூழ் அமிழ்தைவிட இனிது என்கிறார். மெய்தான். ஆனால் அந்தக் கூழில் ஒரு வாயும் உள்ளே போகவில்லையே என்று தட்டும் கையுமாக நிற்கிறவள் அந்தக் குறளில் இல்லை. புறநானூற்று 188-ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி, குறுகுறுவென்று நடந்து வந்து நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறான். அந்தச் சித்திரத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் அது ஒரு ராஜாவின் பார்வை. சோறு சிந்திய இடத்தைத் துடைத்தவள் யார் என்று அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்த வகையையே நாம் வைத்திருக்கிறோம். பருவம் பத்து. செங்கீரை, தால், சப்பாணி என்று குழந்தை வளர்கிற படிகளை இவ்வளவு கூர்ந்து பார்த்து இலக்கணம் வகுத்த பாஷைகள் வேறு எத்தனை இருக்கும்? அதில் முதல் பருவம் காப்பு. தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்து, இந்தக் குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்பது. யோசித்துப் பார்த்தால், இந்த வகை பயத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் காப்பு முடிந்ததும் புலவர் பயத்தை மறந்துவிடுகிறார். பாட்டுடைத் தலைவன் அரசனாகவோ தெய்வமாகவோ இருப்பதால் ஜுரம் வருவதில்லை. தால் பருவத்தில் தூங்கு என்கிறார். குழந்தை தூங்கவில்லை என்றால் என்ன என்பது பாட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இப்படி ஒரு தீர்ப்பை எழுதி முடித்துவிட்ட பிறகுதான் பெரியாழ்வாரை எடுத்தேன். அவர் என்னைத் திருத்தினார். அவருடைய யசோதை ஓரிடத்தில் பக்கத்துப் பெண்ணிடம் முறையிடுகிறாள். தொட்டிலில் விட்டால் அது கிழிகிற மாதிரி உதைக்கிறானாம். எடுத்தால் இடுப்பு ஒடிகிறதாம். அணைத்துக்கொண்டால் வயிற்றில் பாய்கிறானாம். உடம்பில் தெம்பில்லாமல் நான் இளைத்துப்போனேன் என்கிறாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பாட்டு. உலகத்தை அளந்தவனைப் பெற்ற சந்தோஷத்தின் நடுவே, தாய்க்கு இடுப்பு வலிக்கிறது என்பதை மறக்காமல் சொன்னாரே, அவர் கவி. இந்த ஓரிடத்துக்காக நான் மற்றவர்களிடம் போட்ட சண்டையைப் பாதி விட்டுக்கொடுக்கத் தயார். மீதிப் பாதியை விடமாட்டேன். ஏனென்றால் அவருக்குப் பின் வந்தவர்கள் குழந்தையின் சலங்கையை எடுத்துக்கொண்ட அளவுக்குத் தாயின் இடுப்பு வலியை எடுத்துக்கொள்ளவில்லை. உரைநடைக்காரர்களாகிய நாங்களும்தான்.

தொட்டிலைப் பற்றி நான் படித்தவற்றில் மிகவும் பயங்கரமான கதை செகாவ் 1888-ல் எழுதியது. வார்க்கா என்ற பதின்மூன்று வயசுப் பெண் ஒரு செருப்புத் தைப்பவர் வீட்டில் வேலைக்காரி. பகலெல்லாம் அடுப்பு, பாத்திரம், கடை. ராத்திரி முழுவதும் எஜமானரின் குழந்தைக்குத் தொட்டில் ஆட்ட வேண்டும். கண் மூடினால் அடி. கடைசியில், தன்னை வாழவிடாத எதிரி எது என்று அவளுடைய கலங்கிய மூளை கண்டுபிடித்துவிடுகிறது. குழந்தையின் கழுத்தை நெரித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே தரையில் படுத்துத் தூங்கிப்போகிறாள். கல்லூரியில் படித்த இரண்டு வருஷத்தில் இதை முதலில் படித்தேன். அப்போது, தொழிலாளியைச் சுரண்டுவது பற்றிய கதை என்று நண்பர்களிடம் விளக்கினேன். அது தவறில்லை. ஆனால் இப்போது ராத்திரி மூன்று மணிக்கு அதை நினைத்தபோது, தூக்கம் இல்லாத மனுஷனுக்கு நியாயம் தெரியாது என்பதை மட்டுமே சொல்கிற கதையாக அது தெரிந்தது. ஒரே ஆளைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வீடு முழுவதும் தூங்குவது எவ்வளவு பெரிய பாவம் என்று புரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து நானும் மனைவியும் முறை வைத்துக்கொண்டோம். ஒரு சிறுகதை இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?

டாக்டர்கள் எழுதிய புத்தகங்களையும் இலக்கியமாகத்தான் படித்தேன். நியூஸிலாந்தில் 1907-ல் தாய்மார்களுக்கு ஒரு சங்கம் தொடங்கிய ட்ரூபி கிங், நாலு மணிக்கு ஒரு தரம் பால், ராத்திரியில் கிடையாது என்றார். அமெரிக்க மனோதத்துவ நிபுணர் வாட்ஸன் 1928-ல் எழுதிய புத்தகத்தில் குழந்தையைக் கொஞ்சுவதையே குற்றமாக்கினார். இருவர் நடையிலும் பிரம்பு தெரியும். பிறகு 1946-ல் டாக்டர் ஸ்பாக் வந்தார். உனக்கே தெரியும், பயப்படாதே என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். உலகம் முழுவதும் தாய்மார்கள் அந்தக் குரலில் சாய்ந்துகொண்டார்கள். நடை என்ற அளவில் அதற்குக் குறையே சொல்ல முடியாது.

ஆனால் அதே இனிய குரலில், 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்பிலிருந்து, குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது என்றார். மல்லாந்து கிடந்தால் வாந்தி தொண்டையில் அடைக்கும் என்று காரணமும் காட்டினார். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. குப்புறப் படுத்த கைக்குழந்தைகளே தொட்டிலில் காரணம் தெரியாமல் அதிகமாக இறந்தன என்பது பின்னால் தெளிவாயிற்று. மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியபின், அந்த வகைச் சாவுகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. நல்ல மனசும் நல்ல நடையும் உள்ள ஒருவருடைய வாக்கியத்தால் இது நேர்ந்தது என்பதைப் படித்த அன்று, பேனாவைத் தொடுவதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதற்கு எதிரான உதாரணம் என் வீட்டிலேயே கிடைத்தது. ஒரு ராத்திரி பையனுக்கு ஜுரம். திடீரென்று கண் மேலே செருகிக் கை கால் வெட்டி இழுத்தது. என் அம்மா, "டேய், வெங்காயத்தை நசுக்கி மூக்குல காட்டுடா! பல்லு கிட்டிக்கும், ஸ்பூனை வாயில வை!" என்று பதறினாள். நான் ஸ்பூனை எடுத்துவிட்டேன். என் மனைவிதான், "வாயில எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மணியைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, நின்றுவிட்டது. காலையில் டாக்டர் பையனைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: ஆறு மாசத்துக்கும் ஐந்து வயசுக்கும் இடையில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு இப்படி ஜுர வலிப்பு வரும், பெரும்பாலும் தானே நிற்கும், ஐந்து நிமிஷத்துக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். என் மனைவிக்கு இது எப்படித் தெரியும்? தடுப்பூசி போடப் போன இடத்தில் கொடுத்த துண்டுப் பிரசுரத்தில் படித்தாளாம். பிறகு அதை வாங்கிப் பார்த்தேன். ஒன்பது வரி. இரண்டு எழுத்துப் பிழை. நடை என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் அதில் இருந்தது சரி.

அப்படியானால் எங்கள் தொழில் எதற்கு என்ற கேள்வி வருகிறது. அன்றிரவு கை என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பிரசுரம் சொன்னது. வலிப்பு நின்ற பிறகும் என் கை விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்ததே, அதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அது டால்ஸ்டாயிடம் இருந்தது. 'அன்னா கரீனினா'வில் லெவினுக்குப் பிள்ளை பிறக்கிறது. அப்பா என்ற பெருமிதம் வரும் என்று எதிர்பார்த்தவனுக்கு இரக்கமும் அருவருப்பும்தான் வருகின்றன; கூடவே ஒரு புதிய பயம். இனி உலகம் தன்னைக் காயப்படுத்த இன்னோர் இடம் கிடைத்துவிட்டது என்ற பயம். அந்தச் சிசு தும்முகிறது. காரணமே இல்லாமல் அவனுக்குச் சந்தோஷம் வருகிறது. பின்னால் ஒருநாள் புயல் மழையில் தாயும் குழந்தையும் அகப்பட்டுக்கொண்டு பிழைத்து வந்த பிறகுதான், இவனிடம் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அவன் மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். பயம் முதலில் வருகிறது. அதுதான் பாசம் என்று பிறகு தெரிகிறது. ஒரு தகப்பனுக்கு அந்த இரவில் வேண்டியிருந்த ஆறுதல் இதுதான். பயப்படாதே என்று டால்ஸ்டாய் சொல்லவில்லை. நானும் பயந்தேன் என்கிறார்.

நம் கதைகளில் குழந்தைகள் நிறைய வருகிறார்கள். மழலை பேசுகிறார்கள், பிரிந்த தம்பதியைச் சேர்த்துவைக்கிறார்கள், கதை முடிகிற இடத்தில் சௌகரியமாகத் தூங்கிவிடுகிறார்கள். என் நாவல்களிலும் அப்படித்தான். இனிமேல் எழுதுகிறவர்கள் இரண்டு மணிக்கு எழுந்து டம்ளர் கேட்கிற குழந்தையை எழுதிப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் எத்தனையோ வீடுகளில் ஒரு பெண், தோளில் குழந்தையும் கையில் போனுமாக, இது வியாதியா, எல்லாக் குழந்தைகளும் இப்படித்தானா என்று தேடிக்கொண்டிருக்கிறாள். வைத்தியம் சொல்வது நம் வேலை இல்லை. அதில் நாம் தலையிட்டால் என்ன ஆகும் என்று ஸ்பாக் புத்தகம் காட்டியிருக்கிறது. அவளோடு விழித்திருப்பது மட்டும் நம்மால் முடியும்.

பையனுக்கு இப்போது மூன்று வயசு. நோட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் கப்பல் செய்துவிட்டான். இன்னும் சில ராத்திரிகளில் எழுந்திருக்கிறான். இன்று என் முறை.