வாசல் தெளிக்கும் கை

மார்கழியில் திருப்பதித் தெருக்களில் விடியுமுன் நடந்தால் முதலில் காதில் விழுவது தென்னந்துடைப்பத்தின் சரக் சரக். அடியை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, ஈர்க்குகளைச் சமமாக்கிக்கொண்டு குனிகிறார் ஒரு பாட்டி. நுனி தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மூலைக் குப்பையை இழுப்பது அந்தச் சாய்வுதான். அடுத்து, சாணம் கரைத்த தண்ணீர். வாளியில் கைவிட்டு வீசினால் தரை சேறாகக் கூடாது, புழுதி மட்டும் அடங்க வேண்டும். அந்தக் கைப்பக்குவம் எந்த மாப்புக்கும் வராது. ஈரம் காய்வதற்குள் விரலிடுக்கிலிருந்து கோலப்பொடி இறங்கிவிடுகிறது. நடுவே பூசணிப்பூ செருகிய சாண உருண்டை.

மலைமேல் பெருமாள் கோயிலில் மார்கழி மாதம் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை. ஏறும் அவசரத்திலும் கோவிந்தராஜர் கோயில் பக்கத்துத் தெருக்களில் ஒரு நடை போய்வாருங்கள். கோலத்தை மட்டும் மிதித்துவிடாதீர்கள்.